நூற்று நாற்பத்தொன்றரை

ஜூன் 10, சனி

பள்ளியில் கொடுத்த பாடக்குறிப்பேடு ஒன்று மிச்சம் கிடந்தது. விளையாட்டு டீச்சருக்குப் பாடக்குறிப்பு எதற்கு என்று யாரும் கேட்பதற்கு முன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இன்றிலிருந்து இது கெசியாவின் பயிற்சி நோட்டு.

உயரம் 141.5. எடை 29. வயது பன்னிரண்டு முடிந்து இரண்டு மாதம்.

என் மகளின் கை நல்ல கை. வாலிபாலில் பந்தை மேலே தூக்கிக் கொடுக்கும்போது விரல் நுனியில் சத்தமே வராது. இந்த ஜில்லாவில் அப்படி ஒரு கை அந்தக் காலத்தில் எனக்கு இருந்தது, வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஏப்ரலில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும்போது கையையா முதலில் பார்க்கப்போகிறார்கள்? கம்பத்தில் நிறுத்தி உயரத்தைப் பார்ப்பார்கள். 147 இல்லையென்றால் பந்தைத் தொடவே விடமாட்டார்கள். ஐந்தரை சென்டிமீட்டர் வேண்டும். கையில் பத்து மாதம் இருக்கிறது.

நான் 168. அவள் அப்பா சாம்ராஜ் 172. இவள் யாரைக் கொண்டு பிறந்தாளோ.

படுக்கையறைச் சுவரில் தையல்கடை டேப் ஒன்றைச் செங்குத்தாக ஒட்டச் சொன்னேன். சாம்ராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நூல் பிடித்தாற்போல ஒட்டினார். பூஜ்யம் தரையில், 150 மேலே. நான் நின்றபடியே மேற்பார்வை. மாநிலப் போட்டியின் அரையிறுதியில் போன வலது முட்டி இருபது வருடமாக மடங்குவதில்லை. தரையில் குனிந்து செய்யும் வேலை எல்லாம் அவருக்கும் அவளுக்கும்தான்.

சனிக்கிழமை தோறும் காலை ஆறு மணி, பல் தேய்ப்பதற்கு முன்னால் அளவு. படுத்து எழுந்தவுடன் முதுகெலும்பு விரிந்திருக்கும், அரை சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பரீட்சை அட்டையைத் தலைமேல் வைத்து எண்ணைப் பார்ப்பேன். அளவு முடிந்ததும் பந்துப் பையை டேப் முன்னால் பழைய இடத்தில் வைக்க வேண்டியது அவள் வேலை.

ஜூன் 24, சனி

141.5. வயிற்று வலி என்று பிராக்டீஸின் நடுவே மூன்று முறை கழிப்பறைக்கு ஓடினாள். பிராக்டீஸ் என்றால் மட்டும் வலிக்கிற வயிறு. இரண்டு ரவுண்டு கூடுதலாக ஓடவிட்டேன்.

ஜூலை 3, திங்கள்

பள்ளி மருத்துவ முகாமில் பார்த்துவிட்டு, கடைத்தெரு குழந்தை டாக்டர் சுந்தரவல்லி என்னை வரச் சொல்லியிருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம்.

"டீச்சர், உயரத்த விடுங்க. பிள்ளைக்கு ரத்தம் ஒம்பதுதான் இருக்கு. ஈ.எஸ்.ஆர். அம்பத்தெட்டு. இருபதுக்குள்ள இருக்கணும். உடம்புக்குள்ள எங்கயோ அழற்சி ஓடிக்கிட்டிருக்கு. வயித்துவலி, வாய்ப்புண்ணு, சாயங்காலம் மேல் சுடுது, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா குடலாத்தான் இருக்கும்னு தோணுது. மதுரைக்கு எழுதித் தாரேன், போயிட்டு வாங்க. அழற்சி இருக்க உடம்பு வளராது."

மதுரைக்குப் போனால் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், படுக்கப் போடுவார்கள், ஒரு மாதப் பயிற்சி போய்விடும். சளி பிடித்தாலே அந்த நம்பர் ஏறும் என்று சயின்ஸ் டீச்சர் மெர்சி சொன்னாள். இவளுக்கும் போன வாரம் மூக்கொழுகிக்கொண்டுதான் இருந்தது.

ரிசல்ட் காகிதத்தை இந்த நோட்டின் பின்னட்டை உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன். சாம்ராஜிடம் ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னார்கள் என்று சொன்னேன். அது பொய் இல்லை.

ஜூலை 24, திங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு கிளினிக். ஹார்மோன் டாக்டர் மாதம் இரண்டு முறை வெளியூரிலிருந்து வந்து பார்க்கிறார். வாசல்வரை கூட்டம். முன்கூட்டியே எடுக்கச் சொன்ன ரத்தச் சோதனையைப் பார்த்தார். வளர்ச்சி ஹார்மோன் உடம்பில் வேலை செய்கிறதா என்று காட்டுகிற அளவாம், ரொம்பக் குறைவு என்றார். எனக்குப் பாரம் இறங்கியது. கோளாறு என்றால் மருந்து இருக்கும்.

"வேற டெஸ்ட் எதும் எடுத்திருக்கீங்களா? அடிக்கடி காய்ச்சல், வயித்துக் கோளாறு?"

"இல்ல டாக்டர். நல்ல ஆரோக்கியமான பிள்ள."

கெசியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் அவள் காலை என் ஷூவால் மிதித்தேன். குனிந்துகொண்டாள்.

தினம் ஒரு ஊசி. "மூணு மாசம் பாப்போம். வளந்தா மருந்து எடுபடுதுன்னு அர்த்தம். வளரலைன்னா நிறுத்திட்டு, வேற என்ன கோளாறுன்னு தேடணும்" என்றார். ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். மாதாமாதம் உயரத்தை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

ஆகஸ்ட் 5, சனி

141.5. முதல் ஊசி போட்டாயிற்று. பேனா மாதிரி இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தொடையில் கிள்ளிப் பிடித்து, பத்து எண்ணி எடுக்க வேண்டும். அவள் வாய்விட்டு எண்ணினாள். ஏழில் குரல் உடைந்தது, ஆனால் பத்துவரை எண்ணினாள். அந்த வைராக்கியம் என்னுடையது.

ஆகஸ்ட் 19, சனி

141.5.

இனி ஒரு சட்டம். சனிக்கிழமை எண் ஏறவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமைவரை அவளோடு பேசமாட்டேன். அடிப்பதைவிட அது மேல். சாப்பாடு உண்டு, ஊசி உண்டு, தினம் நாற்பது முறை கம்பியில் தொங்குவது உண்டு. பேச்சு மட்டும் கிடையாது.

ஆகஸ்ட் 24, வியாழன்

பேசவில்லை. முட்டி வலிக்கிறது என்று அவள் அப்பாவிடம் சொல்வது சமையற்கட்டுவரை கேட்டது. வளரும்போது மூட்டு வலிக்கத்தான் செய்யும். மருந்து வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 2, சனி

141.5. இரண்டு வாரமாகப் பேச்சில்லை. ஆனால் இன்று ஒரு தடவை பேச வேண்டியதாயிற்று.

"ஏட்டி, இங்க பாரு. அடுத்த மாசமும் இதே நம்பர்னா டாக்டர் ஊசிய நிறுத்திருவாரு. நிறுத்திட்டார்னா உனக்கு விடுதியும் இல்ல, வாலிபாலும் இல்ல. பெறகு டெய்சி டீச்சர் மகள்னு எங்கயும் போய்ச் சொல்லிக்கிடாத."

"நான் என்னம்மா செய்ய? நானாவா வளராம நிக்கேன்?"

"மனசு வச்சா வளரலாம்."

செப்டம்பர் 9, சனி

142.

அட்டையை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். 142 தான். அவளைக் கட்டிப்பிடித்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். அழுதாள். "எதுக்குட்டி அழுத? நல்ல காரியம் நடக்கையில" என்று சொல்லி, உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை பின்னினேன். மத்தியானம் அவளுக்குப் பிடித்த கோழிக்குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சந்தோஷத்தில் பசிக்காது.

டேப் காற்றில் கிளம்பியிருந்ததாம், அவளே எடுத்துத் திரும்ப ஒட்டியிருக்கிறாள். செலோடேப் புதிதாக மின்னுகிறது. பொறுப்பு வந்திருக்கிறது.

அக்டோபர் 7, சனி

143. கார்டு அனுப்பினேன். டாக்டரிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது.

அக்டோபர் 18, புதன்

கிறிஸ்துமஸ் துணிக்கு அளவு கொடுக்கத் தையல்கடைக்குப் போனோம். தையல்காரர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினார். "டீச்சர், போன வருசத்து அளவேதான் இருக்கு. இடுப்புலதான் ரெண்டு இஞ்சு கொறைக்கணும்." துணியை மிச்சம் பிடிக்க இவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். நீளம் இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 4, சனி

144. மூன்று மாதம் முடிந்தது. நேரில் வரச் சொன்னார்கள். நான் பள்ளி அணியோடு மண்டலப் போட்டிக்குப் போகவேண்டும், கார்டை மட்டும் அனுப்பினேன். மருந்து நன்றாக எடுபடுகிறது, அளவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று பதில் வந்தது. நிறுத்துகிற பேச்சே இல்லை.

கெசியாவிடம் சொன்னேன். "கூட்டுதாவளா?" என்று கேட்டாள். "வளந்தா நிறுத்திருவாவன்னு நெனச்சேன்."

"வளந்தா எவனாவது நிறுத்துவானாட்டி?"

ஊசிக்குத் தொடையைக் காட்டினாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

145. இன்று ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொன்னேன். மூன்று மாதமாக அசையாமல் நின்ற பிள்ளையைக் கர்த்தர் மூன்றரை சென்டிமீட்டர் உயர்த்தினார் என்று சொல்லி, கெசியாவை முன்னால் வரவழைத்து நிறுத்தினேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். புதுச் சட்டை முழங்காலுக்குக் கீழே வெகுதூரம் தொங்கியது. பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. சபைக் கூச்சம். திரும்பும்போது ஆலய வாசல் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தாள்.

ஜனவரி 13, சனி

146. எடை 27. உயரம் கூடும்போது எடை இறங்கும்.

சமையற்கட்டில் மேலே இருக்கும் ஸ்விட்சைப் போட இன்னும் முக்காலி இழுத்துக்கொண்டு வருகிறாள். பழக்கதோஷம்.

டேப்புக்கு மேலே சுவரில் வரிவரியாகப் பழைய பசைத் தடம் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். சாம்ராஜ் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டெய்சி, போதும்னு விட்டுருவோமா?"

"ஒரு சென்டிமீட்டர்ல வந்து நின்னுக்கிட்டு விடச் சொல்லுதீங்க."

அவர் எழுந்து வேலைக்குக் கிளம்பினார். கிரேன் மேலே தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து மனிதர்களிடம் பேசும் பழக்கமே போய்விட்டது அவருக்கு.

பிப்ரவரி 16, வெள்ளி

குளியலறையில் உள்ளாடையை அவளே துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ரத்தம். பெரியவளாகிவிட்டாள் என்று எனக்குத் தலையில் இடி விழுந்தது. பெரியவளானால் வளர்த்தி சீக்கிரம் நின்றுபோகும். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

"யாருட்டயும் சொல்லாத. சடங்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஏப்ரல் தாண்டட்டும்."

"அம்மா, இது அது இல்ல. இது பின்னால…"

"வாய மூடுட்டி. ஆம்பளைக்குக் கேக்கும்."

துணியைப் பிழிந்தாள்.

மார்ச் 9, சனி

147. வந்துவிட்டது. முட்டி மட்டும் மடங்கியிருந்தால் மண்டியிட்டு ஜெபித்திருப்பேன். நின்றபடி ஜெபித்தேன்.

மார்ச் 28, வியாழன்

காய்ச்சல். பாரசிட்டமால். பிராக்டீஸ் உண்டு.

ஏப்ரல் 20, சனி

147.5. அரை சென்டிமீட்டர் உபரி. பரீட்சைக்கு முன்னால் கையில் ஒரு மதிப்பெண் இருப்பதுபோல நிம்மதி.

ஏப்ரல் 27, சனி

தேர்வு நடந்த மைதானத்தில் வரிசையாக நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அளக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கோச், இருபத்தைந்து வயது இருக்கும். கெசியாவின் முறை வந்தது. பலகையை இறக்கினான்.

"நூத்தி நாப்பத்தொண்ணர. அடுத்து."

நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். கம்பம் கோளாறு என்றேன். மறுபடி அளந்தான். 141.5. இன்னொரு கம்பம் கொண்டுவரச் சொன்னேன். அதிலும் அதே எண். என்னை நிறுத்தி அளந்து பார் என்று செருப்பைக் கழற்றி ஏறினேன். நூற்று அறுபத்தெட்டு. கம்பத்தில் கோளாறு இல்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

பேருந்தில் ஜன்னலோரம் கெசியா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பந்துப் பையை இழுத்துத் தள்ளினேன். குனிய முடியாது, அதனால் தரையில் முழுதாகக் குப்புறப் படுத்தேன். கன்னம் சிமெண்டில் பட்டது. டேப் தரையைத் தொடும் இடத்தில் பூஜ்யம் இல்லை. ஒன்று இல்லை, இரண்டு இல்லை. ஆறில் தொடங்கியது. பிளேடால் நேராக வெட்டின ஓரம். ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு துண்டை நறுக்கிவிட்டு, மொத்த டேப்பையும் இறக்கி ஒட்டியிருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இந்த நோட்டில் எழுதவேண்டிய விஷயம் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

பேசவில்லை. ஆலயத்துக்கும் போகவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருக்கிறாள். இனி எந்த நடிப்பும் என்னிடம் எடுபடாது.

ஏப்ரல் 30, செவ்வாய்

காலையில் வயிறு பலகை மாதிரி இருந்தது. சாம்ராஜ் வேலைக்குப் போகாமல் அவளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நானாக ஏறிக்கொண்டேன். மதுரை.

மே 2, வியாழன்

குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டார்கள். மலம் சேர வயிற்றில் ஒரு பை தொங்குகிறது, சில மாதத்துக்கு அப்படித்தான் இருக்கும்.

பெரிய டாக்டர் மெஹருன்னிசா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தியிருப்பேன்.

"இது பல மாசமா, ஒரு வருசத்துக்கு மேலயே உள்ள இருந்த குடல் அழற்சிங்க. க்ரோன்ஸ்னு சொல்றது. வளர்ச்சி ஊசி யார் போடச் சொன்னது?"

சொன்னேன். கார்டைக் காட்டினேன். நூற்று நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு என்று வரிசையாக என் கையெழுத்து. அவர் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இப்படி வளந்திருக்க முடியாதே. வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்துல ஓடினா மட்டும் போதாதும்மா. செல்லுக்கு மேல அத வாங்கிக்கிற ஏற்பி ஒண்ணு இருக்கு. அதுல போய் ஒட்டினாத்தான் 'வளரு'ன்னு உள்ள சேதி போகும். சேதி அளவுக்கு மீறிப் போயிடக்கூடாதுன்னு செல்லே சில புரதத்தச் செஞ்சு அத நிறுத்தும். எல்லார் உடம்புலயும் நடக்கறதுதான். ஆனா அழற்சி இருக்கற உடம்புல சைட்டோகைன்னு ஒண்ணு ஊறிக்கிட்டே இருக்கும். அது இந்த நிறுத்துற புரதங்கள அளவில்லாமச் செய்ய வச்சிடும். அப்புறம் நீங்க எவ்வளவு ஊசி போட்டாலும் சேதி உள்ள போகாது."

"அளவக் கூட்டியும்கூடவா?"

"எவ்வளவு கூட்டினாலும். உடம்பு தெரிஞ்சேதான் வளர்ச்சிய நிறுத்தி வைக்குது. இருக்கற சத்த வச்சு முதல்ல உயிரக் காப்பாத்தணும்ல. உயரம் பொறவு."

மைதானத்தில் நான் விசில் ஊதினால் அறுபது பிள்ளைகளும் அப்படியே நிற்பார்கள். நிற்காதவளை வெளியே அனுப்பிவிடுவேன். இவள் உடம்பு ஒரு வருடமாக விசில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப ஊசிதான் கெடுத்துச்சா டாக்டர்?" சாம்ராஜ் கேட்டார்.

"ஊசி மேல பெருசா பழி போட முடியாதுங்க. வளரலைன்னு தெரிஞ்சிருந்தா மூணாம் மாசமே அந்த டாக்டர் வேற காரணத்தத் தேடியிருப்பாரு. குடல் ஓட்டையாகற வரைக்கும் வந்திருக்காது. இந்த ஆறு மாசம் வீணாப் போச்சு, அதுதான்." என் பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி ஈ.எஸ்.ஆர். எங்கயாவது பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

"முதுகுல நீளநீளமாத் தடம் இருக்கே?"

"பந்து பட்டது."

"பந்து வட்டமாப் படும்" என்றார். எழுதிக்கொண்டார்.

மே 5, ஞாயிறு

நான் குளித்துவிட்டு வருவதற்குள் சாம்ராஜ் என் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்திருக்கிறார். பின்னட்டை உறை காலி. சுந்தரவல்லியின் காகிதம் டாக்டர் மேஜையில் இருந்தது, ஜூலை மூன்றாம் தேதியோடு.

எல்லாவற்றையும் படித்துவிட்டாரா என்று கேட்டேன்.

"படிச்சேன்."

"நீங்க மட்டும் யோக்கியமா? பசைத் தடத்தப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க அன்னைக்கு?"

"பாத்தேன். அதுக்கு முன்னாலயே தெரியும், அவ ரெண்ட வெட்டுனப்பவே. எம் பிளேடத்தான் எடுத்தா." நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சனிக்கெழமையாவது பிள்ளைகூட நீ பேசட்டும்னு விட்டுட்டேன். என்னையும் அந்த டாக்டரம்மா எழுதிக்கிடட்டும்."

இருபது வருடத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசிய பேச்சு அதுதான்.

மே 14, செவ்வாய்

இன்று என்னை உள்ளே விட்டார்கள், நர்ஸ் ஒருத்தி கூடவே நின்றாள். கெசியா தலையணையில் சாய்ந்து மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முத்துகூட சிதறவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

என்னவெல்லாமோ கேட்க நினைத்துப் போனேன். வாயில் வந்தது வேறு.

"எப்படிட்டி எனக்குத் தெரியாம இத்தன நாள் செஞ்ச?"

"நீ குனியமாட்டேன்னு தெரியும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப்போலச் சொன்னாள். பிறகு, "நம்பர் ஏறுனாத்தான் பேசுவ. அதான்" என்றாள்.

மன்னிச்சிருட்டி என்று சொன்னேன். நர்ஸ் முன்னால் சொன்னேன். "சரிம்மா" என்றாள், பிராக்டீஸில் இன்னும் பத்து ரவுண்டு என்றால் சொல்வாளே, அதே சரி.

ஜூன் 8, சனி

சாம்ராஜ் தூத்துக்குடியில் அவர் அக்கா வீட்டு மாடியில் குடியேறிவிட்டார். கெசியாவை அங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறது. குழந்தைகள் நல அதிகாரி என்று ஒரு பெண் வந்து என்னிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டாள். மதுரைக்குச் செக்கப் போகிற நாளில், அப்பா கூட இருக்கும்போது, நான் பார்க்கலாம்.

காலை ஆறு மணிக்கு விழித்துக்கொண்டேன். சுவரில் டேப் அப்படியே இருக்கிறது. ஆறிலிருந்து.

நவம்பர் 16, சனி

மதுரை. இது மூன்றாவது செக்கப். வயிற்றில் இருந்த பையை செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றுகிறார்கள். வளர்ச்சி மருந்து அல்ல, அந்தச் சைட்டோகைனைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து. அது அடங்கினால் தடையும் விலகும், சொந்த ஹார்மோனே போதும் என்று டாக்டர் போன தடவை சொன்னார்.

போதும்தான். நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து வரும்போதே பார்த்துவிட்டேன். கன்னம் பூசியிருக்கிறது. சுடிதார் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. நாலா, ஐந்தா, ஆறேகூட இருக்குமா?

அளக்கும் அறைக்கு அவளோடு எழுந்தேன். கெசியா நர்ஸிடம் திரும்பி, "சிஸ்டர், அம்மா வெளிய இருக்கட்டும்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. கம்பத்தின் பலகை இறங்கும் சத்தம் கேட்டது. எண்ணை நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

அவள் வெளியே வந்ததும் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "பிள்ளை சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கா. நல்லா இருக்கா, அது போதும்ல?" என்றார். போதும் என்று தலையாட்டினேன்.

சாம்ராஜ் மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். கெசியா பையை பெஞ்சில் என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பையின் வாயில் நோயாளிப் புத்தகம் நீட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை எடுத்துவிட்டது.

இன்றைய தேதி. எடை 36. ஈ.எஸ்.ஆர். 12. அதற்கு அடுத்து உயரத்துக்கான கட்டம் இல்லை. காகிதத்தை நேராக மடித்து, எச்சில் தொட்டு, கோணாமல் கிழித்து எடுத்திருக்கிறாள். ஓட்டை வழியாக என் விரல் தெரிந்தது. முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் அந்த இடம் மட்டும் இல்லை. அதற்கு முந்தையதிலும் இல்லை.

நிமிர்ந்தால் அவள் நிற்கிறாள், தண்ணீர் பாட்டிலோடு.

"நீ தேடுவேன்னு தெரியும்மா" என்றாள். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா நின்ற வரிசையை நோக்கி நடந்தாள்.

உயரம்: என் தாடைக்கு வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஒரு நிமிடம் பக்கத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.